முடியாத கருவியும் முடிந்த எண்ணமும்

ஒரு பொருள் எந்த நிலையில் ஆயுதமாகிறது என்பது தத்துவத்தில் பழைய வினா. கைத்துப்பாக்கியின் சட்டகத்தை வீட்டிலேயே செய்து முடிப்பதற்கென அமெரிக்க ஐக்கிய நாட்டில் விற்கப்படும் கருவித்தொகுதிகள், அவ்வினாவை நீதிமன்றத்துக்கும் பொழுதுபோக்குக் கைவினைஞரின் மேசைக்கும் ஒருசேரக் கொண்டுவந்திருக்கின்றன. சட்டகம் என்பது கைப்பிடியை உள்ளடக்கி, விசை முதலிய இயங்குறுப்புகளைத் தாங்கி நிற்கும் அடிப்பகுதி. அந்நாட்டின் 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் முழுத் துப்பாக்கியை மட்டுமன்றி இச்சட்டகத்தையும் சுடுகலன் என்றே கொள்வதால், அதைத் தொழிலாக விற்பவர் உரிமம் பெறவும், தொடர் எண் பொறிக்கவும், வாங்குபவரின் பின்னணியைச் சரிபார்க்கவும் கடமைப்பட்டவராகிறார். இக்கடமைகளுக்கு வெளியே நிற்கும் பொருட்டுச் சில வேலைகள் மட்டும் எஞ்சிய நிலையில் நிறுத்தப்பட்ட சட்டகமும், அவ்வேலைகள் வழி தவறாதபடி பொருளைப் பிடித்து நிறுத்தும் வழிகாட்டி அச்சும் (பட்டறைகளில் இதனை ஜிக் என்பர்) ஒரே பெட்டியில் வைத்து விற்கப்பட்டன. அத்தகைய தொகுதி ஒன்றை மதிப்பிடுகிறவர் அச்சு துல்லியமானதா, பழக்கமில்லாதவரும் பிழையின்றி முடிக்கலாமா, எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கேட்கிறார். பொறியியல் வினாக்களாகவே தோன்றும் இவற்றுக்குக் கிடைக்கும் விடை, அந்தப் பெட்டிக்குள் இருப்பது ஏற்கெனவே ஆயுதமா என்ற வினாவுக்கும் விடையாகிவிடுகிறது என்பதே இங்கு ஆராயத்தக்கது.

சைவ சித்தாந்தம் ஒரு காரியத்துக்கு மூன்று காரணங்களைக் கூறும்: குடத்துக்கு மண் முதற்காரணம், சக்கரமும் தண்டும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். இப்பகுப்பின்படி சட்டகத்தின் பிளாஸ்டிக்கோ உலோகமோ முதற்காரணமாகவும், அச்சு துணைக்காரணமாகவும், வாங்கியவர் நிமித்த காரணமாகவும் அமைவர். ஆயினும் குயவனின் சக்கரத்தில் குடமும் வனையலாம், அகலும் வனையலாம்; எது வேண்டும் என்பது குயவனின் அறிவில் இருக்கிறது. ஜிக்கோ ஒரேயொரு சட்டகத்தை ஒரேயொரு வடிவில் முடிப்பதற்கு மட்டுமே பயன்படுவது. குயவனின் அறிவில் இருக்க வேண்டிய வடிவம் இங்கே அச்சின் துளைகளிலேயே குடிபுகுந்துவிட்டதால், நிமித்த காரணத்தின் பங்கில் பெரும்பகுதி துணைக்காரணத்துக்கு மாறிவிட்டது எனலாம். அச்சை வடிவமைத்தவர், தாம் ஒருபோதும் காணப்போகாத துப்பாக்கிகளுக்கு நிமித்த காரணராகிறார்.

காரியம் தோன்றுமுன்னரே காரணத்தில் அடங்கியிருக்கிறது என்னும் சற்காரியவாதத்தைச் சாங்கியரும் சித்தாந்திகளும் கொள்வர். காரியம் முன்பில்லாது புதிதாகவே தோன்றுகிறது என்பது நியாய வைசேடிகரின் அசற்காரியவாதம். தொகுதி விற்பவரின் நிலை இவ்விரண்டிலும் ஒருசேரக் காலூன்றுவது: அதிகாரிகளிடம் ‘இது இன்னும் துப்பாக்கியன்று, துப்பாக்கி இனிமேல்தான் தோன்ற வேண்டும்’ என்று அவர் வைசேடிகராகப் பேசுகிறார், வாடிக்கையாளரிடம் ‘எல்லாம் இதற்குள்ளேயே இருக்கிறது, யாரும் எளிதில் முடிக்கலாம்’ என்று சாங்கியராக மாறிவிடுகிறார். ஒரு பொருளை விரும்புகிறவர் அதற்குரிய மூலப்பொருளையே நாடி எடுக்கிறார் என்பது சாங்கியர் காட்டும் காரணங்களுள் ஒன்று. துப்பாக்கி வேண்டாதவர் எவரும் இப்பெட்டியை வாங்குவதில்லை என்ற எளிய உண்மையே அதற்குப் போதிய சான்று. அரிஸ்டாட்டில் மெய்ப்பொருளியல் நூலின் ஒன்பதாம் பகுதியில், மண்ணை அப்படியே மனிதனுக்குரிய உள்ளாற்றல் எனக் கூறலாகாது, இடையில் வேறு மாற்றங்கள் நிகழ வேண்டும் என்கிறார். எதையும் சேர்க்கவோ நீக்கவோ மாற்றவோ வேண்டாத நிலையில்தான் பொருள் உள்ளாற்றல் பெறுகிறது என்ற அவரது அளவுகோலைச் சொல்லுக்குச் சொல் பிடித்தால், செதுக்கி நீக்க வேண்டிய பகுதி எஞ்சியிருக்கும் சட்டகம் விற்பவருக்கே சாதகமாக முடியும். அவ்வாறு வாதிடுவது, மூலப்பொருளைப் பக்குவப்படுத்துதலையும் பக்குவப்பட்டதைக் கட்டி முடித்தலையும் ஒன்றாகக் குழப்புவதாகும்.

இத்தொகுதிகள் பற்றிய வான்டெர்ஸ்டாக் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இவ்வினாவை எதிர்கொண்ட விதம் சுவையானது. 2022இல் மத்திய அரசு வகுத்த விதி, எளிதில் சுடுகலனாக மாற்றத்தக்க தொகுதிகளும் 1968ஆம் ஆண்டுச் சட்டத்துள் அடங்கும் என்றது. 2024 அக்டோபரில் நடந்த வாய்மொழி வாதத்தின்போது நீதிபதி அலிட்டோ, முட்டையும் நறுக்கிய பன்றியிறைச்சியும் மிளகாயும் வெங்காயமும் மேடைமீது இருந்தால் அதை ஆம்லெட் என்று சொல்வீர்களா எனக் கேட்டார். அரசுத் தரப்பு, அப்பொருள்களுக்கு வேறு பயன்களும் உண்டாதலால் சொல்ல இயலாது என்று விடையிறுத்தது. நீதிபதி பேரட், சமைப்பதற்கான தொகுப்பாகவே அவை வாங்கப்பட்டிருந்தால் விடை மாறுமா என்று தொடர்ந்தார். அளவைப் பற்றிய வினா இவ்வாறு நோக்கத்தைப் பற்றிய வினாவாக மாறியதே அந்த உரையாடலின் திருப்புமுனை. 2025 மார்ச் 26 அன்று ஏழு நீதிபதிகள் ஒருபுறமும் இருவர் மறுபுறமுமாக வழங்கப்பட்ட தீர்ப்பு, குறைந்தது சில தொகுதிகளாவது சட்டத்துள் அடங்கும் என்பதால் விதி செல்லும் என்றது. அதை எழுதிய நீதிபதி கோர்சச், இத்தகைய தொகுதியை முன்பின் கண்டிராத ஒருவர் சாதாரணக் கருவிகளைக் கொண்டு 21 நிமிடங்களில் துப்பாக்கியாக்கிய சோதனையைச் சுட்டினார். தடம் காண்பதற்காகக் காவல்துறையினர் அனுப்பிய, தொடர் எண் இல்லாத துப்பாக்கிகள் 2017இல் ஏறத்தாழ 1,600 எனவும் 2021இல் 19,000க்கு மேல் எனவும் தீர்ப்பு குறிப்பிடுகிறது. அந்த 21 நிமிடம் மதிப்பீட்டாளரின் பார்வையில் தொகுதிக்குக் கிடைத்த பாராட்டு. தீர்ப்பிலோ அது தொகுதிக்கு எதிரான சான்று.

யூதச் சட்ட மரபு இத்தகைய எல்லைகளை வியக்கத்தக்க நுணுக்கத்துடன் எண்ணிப் பார்த்திருக்கிறது. மிஷ்னாவின் கேலிம் என்னும் பகுதி, ஒரு பாண்டம் எப்போது தீட்டுப்படத்தக்க பாண்டமாகிறது என்பதையே பேசுகிறது; குறைவேலையாக நிற்கும் மரப்பாண்டம் தீட்டை ஏற்கும், குறைவேலையாக நிற்கும் உலோகப் பாண்டம் ஏற்காது என மரபு பகுக்கிறது. அதே பகுதியின் இன்னொரு விதிப்படி, பாண்டங்கள் எண்ணத்தால் தீட்டுக்குரிய நிலைக்கு இறங்குகின்றன, அந்நிலையிலிருந்து மீள்வதற்கோ எண்ணம் போதாது, செயலால் மாற்றம் வேண்டும். பொருளின்மீது எண்ணம் இவ்வளவு எளிதாக ஒட்டிக்கொண்டு இவ்வளவு அரிதாகவே நீங்குகிறது என்பது, ‘வெறும் பிளாஸ்டிக் துண்டு’ என்னும் வாதத்துக்குப் பதினெட்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்த மறுப்புப் போல இருக்கிறது.

தல்முதின் அவோதா சாரா என்னும் பகுதி ஆயுத விற்பனையையே எடுத்துக்கொள்கிறது. பிற சமயத்தாருக்கும், யூதரேயாயினும் கொள்ளையருக்கும் ஆயுதம் விற்கலாகாது என்று கூறும் அவ்விடத்தில், இரும்புக் கட்டிகளையும் விற்கலாகாது, அவற்றிலிருந்து ஆயுதம் வார்ப்பார்கள் என்கிறார் ராவ் ஆதா பார் அகவா. அப்படியாயின் மண்வெட்டியும் கோடரியும் விலக்கப்பட வேண்டாமா என்ற தடைக்கு ராவ் செவீத் கூறும் விடை, விலக்கப்பட்டது இந்திய இரும்பு மட்டுமே என்பது. அவ்விரும்பு ஆயுதங்களுக்கே பயன்பட்டது என்று உரை மரபு விளக்கும். கொடுமணல் அகழாய்வில் இரும்பு உலைகளைக் கண்ட தமிழ் வாசகருக்கு இவ்வரி தனிச்சுவை தரக்கூடும், அந்த இரும்பு எந்த ஊரினது எனத் தல்முத் கூறாவிட்டாலும். வடிவமே பெறாத கட்டியும், அதன் வழக்கமான முடிவு ஒன்றேயெனில், ஆயுதத்தோடு சேர்த்தெண்ணப்பட்டது. வடிவம் முற்றிய மண்வெட்டி சேர்க்கப்படவில்லை. எத்தனை விழுக்காடு முடிந்தது என்ற கணக்கு அந்த விவாதத்தில் எழவேயில்லை.

கைவினைஞரின் தரப்பும் எளிதில் தள்ளத்தக்கதன்று. தன் கையால் ஒன்றைச் செய்து முடிப்பதில் உள்ள நிறைவு உண்மையானது. சொந்தப் பயன்பாட்டுக்காகத் துப்பாக்கி செய்துகொள்வது, வைத்திருக்கத் தடையில்லாதவர்க்கு அந்நாட்டு மத்தியச் சட்டப்படி குற்றமுமன்று. ஆனால் ‘இது என் கைவேலை’ என்பதும் ‘வாங்கியபோது இது ஆயுதமன்று’ என்பதும் தொகுதியின் தரம் உயர உயரச் சேர்ந்தே தேய்கின்றன. மோசமான அச்சு இரண்டு கூற்றுகளையும் காப்பாற்றும்: கைத்திறனும் நாள்கணக்கில் உழைப்பும் வேண்டியிருந்தால் செய்தவர் உண்மையாகவே செய்தவர், வாங்கிய பொருளும் உண்மையாகவே குறைப்பொருள். சிறந்த அச்சு இரண்டையும் கெடுத்துவிடுகிறது.

மதிப்பீட்டாளருக்கென ஓர் இடம் சமண அறநூல்களில் உண்டு. சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரமும், அதனை அடியொற்றிய தமிழ் நூலான அருங்கலச்செப்பும் இல்லறத்தார்க்குரிய விரதங்களைக் கூறுகையில், பயனின்றிப் பிற உயிர்க்குத் தீங்கு தேடும் செயல்களை அனர்த்த தண்டம் எனத் தொகுக்கின்றன. கொலைக்கருவிகளைப் பிறர்க்குக் கொடுத்தல் அவற்றுள் ஒன்று. தீவினைக்கு வழி சொல்லும் பாவோபதேசம் மற்றொன்று. சமந்தபத்திரரின் பட்டியலில் வாளோடு மண்வெட்டியும் நெருப்பும் கூட இடம்பெறுவதால், அது தல்முதைவிடக் கடுமையானது. நடைமுறையில் அதை முழுதும் பின்பற்றினால் அண்டை வீட்டாருக்கு எதையும் இரவல் தர இயலாது. ஆயினும் கொடுப்பவரையும் சொல்பவரையும் வேறுவேறாக நிறுத்தியது அதன் சிறப்பு, ஏனெனில் எதையும் விற்காமல் ‘மிக எளிது’ என்று மதிப்பெண் மட்டும் இடுகிறவரும் அப்பகுப்பில் கணக்கிலிருந்து தப்புவதில்லை.

இரும்பு விற்பனையை விலக்கிய அதே இடத்தில், இக்காலத்தில் நாம் விற்கிறோமே என்ற ஐயத்துக்கு, நம்மைக் காக்கும் பாரசீகருக்கு விற்கிறோம் என ராவ் ஆஷி விடை கூறினார். பொருள் எது என்ற விவாதம் அங்கே வாங்குபவர் யார் என்பதில் வந்து நிற்கிறது. 2022ஆம் ஆண்டு விதியும் தொகுதிகளைத் தடை செய்யாமல், உரிமம், தொடர் எண், பின்னணிச் சரிபார்ப்பு ஆகியவற்றையே கேட்டது. எண் பொறித்த சட்டகத்திலும் செதுக்க வேண்டியது அதே அளவுதான். செய்து முடிக்கும் நிறைவு மட்டுமே வேண்டுமென்பவர் இவ்விதியால் எதை இழக்கிறார் என்பதை அதன் எதிர்ப்பாளர்கள் இன்னும் தெளிவாகச் சொல்லவில்லை.