பத்தொன்பதாவது வாரம்

போன வருடம் ஜனவரி முதல் வாரத்தில் ஒரு காரியத்தைத் தொடங்கினேன். வாரத்துக்கு ஒரு முகம், ஒரு வருடம், 52 பேர். மயிலாப்பூர், தி.நகர், அடையாறு தாண்டக் கூடாது. ஒரே கேமரா, ஒரே 50 எம்.எம். லென்ஸ். அந்த லென்ஸில் ஒருவரின் முகத்தையும் தோளையும் சட்டகத்துக்குள் நிரப்ப வேண்டுமென்றால் மூன்று நான்கடி தூரத்தில் போய் நின்றாக வேண்டும். தூர நின்று ஜூம் பண்ணித் திருட முடியாது. அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன். இன்னும் மூன்று விதிகள் வைத்துக்கொண்டேன். ஆள் முன்பின் தெரியாதவராக இருக்க வேண்டும். கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். ஞாயிறு இரவுக்குள் இன்ஸ்டாகிராமில் போட்டுவிட வேண்டும். கேட்டுவிட்டு எடுப்பவன் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே இருந்தது.

முதல் சில வாரங்கள் கை நடுங்கியது. நாகேஸ்வர ராவ் பூங்காவில் வாக்கிங் போன ஒரு பெரியவரிடம் கேட்பதற்காக நானும் அவர் பின்னாலேயே நாலு சுற்று நடந்தேன். ரங்கநாதன் தெருவில் ஹேர்பின் விற்ற பையன் தலையாட்டிவிட்டு வியாபாரத்தைத் தொடர்ந்தான். படத்தில் அவன் கண் என்னைத் தாண்டி ஒரு வாடிக்கையாளரைப் பார்க்கிறது. பங்குனியில் அறுபத்துமூவர் உற்சவத்தன்று மாட வீதிகளில் பக்தர்களுக்குச் சமமாகக் கேமராக்கள் இருந்தன. நாயன்மார்கள் 63 பேரும் யாரிடமும் கோபித்துக்கொள்ளாமல் பல்லக்கில் போனார்கள். பித்தளைச் சொம்பைத் தலையில் வைத்துக்கொண்டு நின்ற ஒரு சின்னப் பெண்ணின் பின்னால் நாங்கள் ஏழெட்டுப் பேர் முட்டிக்கொண்டது எனக்கே பிடிக்கவில்லை. கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு மோர் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

பத்தொன்பதாவது வாரம் கத்திரி வெயிலில் வந்தது. மல்லி மலிவாகக் கொட்டும் மாதம். வடக்கு மாட வீதியில் பிளாட்பாரத்தில் ஒரு அம்மா உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும். எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் முகத்தில் பாதியை மட்டும் தொட்டது. நூலை வாயில் கவ்வியபடி நிமிர்ந்தார்.

"அம்மா, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?"

"எதுக்குப்பா? பேப்பர்ல வருமா?"

"இல்லம்மா. சும்மா, ஒரு ப்ராஜெக்ட்டுக்கு."

"காலேஜா? எடுத்துக்கோ கண்ணு."

சென்னையில் ப்ராஜெக்ட் என்றால் பிள்ளைகள் சார்ட் பேப்பரில் ஒட்டி டீச்சரிடம் கொடுப்பது. எனக்கு வயது 27, காலேஜ் முடித்து ஆறு வருடமாகிறது. அவர் அப்படிப் புரிந்துகொண்டார் என்று எனக்குத் தெரிந்தது, திருத்தவில்லை. திருத்தினால் அந்த வெளிச்சம் போய்விடும் என்று நினைத்தேனோ என்னவோ.

அந்த வருடத்தில் நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். வழக்கமாக எனக்கு இருநூறு லைக் வரும், இது நாலாயிரத்தைத் தாண்டியது. முன்பின் தெரியாதவர்களெல்லாம் பகிர்ந்தார்கள். கீழே நான் எழுதியிருந்தது: 'மயிலாப்பூர் பிளாட்பாரம். பூக்கார அம்மா.'

ஆகஸ்டில் அதே தெருவில் நடந்தபோது அவரே கூப்பிட்டார். குரலில் கோபம் இல்லை. மகளுக்குத் தையில் கல்யாணமாகியிருக்கிறது. சம்பந்தி வீட்டில் யாரோ ஒரு பையன் போனில் படத்தைப் பார்த்து, வீட்டில் எல்லோருக்கும் காட்டியிருக்கிறான்.

"பூக்கடைன்னு சொல்லி வச்சிருந்தோம்பா. கடைதான். மேல கூரை இல்ல, அவ்ளோதான். இப்ப அவ மாமியார் எங்க பொண்ண 'பிளாட்பாரம்'னு கூப்பிடுதாம்."

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஏதோ உளறியிருப்பேன்.

"நீ கேட்டுட்டுத்தான் எடுத்த. நான் இல்லேங்கல. ஆனா எடுத்துடு."

எடுத்துக்கோ, எடுத்துடு. தமிழில் இரண்டுக்கும் ஒரே வினைச்சொல்தான். அங்கேயே நின்று படத்தை நீக்கினேன். பகிரப்பட்ட நகல்களை என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இன்றும் எங்காவது சுற்றிக்கொண்டிருக்கும்.

அன்று ராத்திரி எனக்காக நானே வக்கீலாக வாதாடினேன். பொது இடம். சம்மதம் வாங்கினேன். பைசா சம்பாதிக்கவில்லை. சட்டமும் பெரும்பாலும் என் பக்கம்தான் இருக்கும். நியூயார்க்கில் பிலிப்-லோர்கா டிகோர்சியா என்ற புகைப்படக்காரர் டைம்ஸ் ஸ்கொயரில் மறைவாக விளக்கு வைத்து, போகிறவர் வருகிறவரையெல்லாம் அவர்களுக்குத் தெரியாமலேயே எடுத்தார். படத்தில் இருந்த ஒருவர் மத காரணம் சொல்லி வழக்குப் போட்டார். 2006இல் தீர்ப்பு புகைப்படக்காரருக்குச் சாதகமாக வந்தது, அது கலை என்று. நம் உச்ச நீதிமன்றம் 'தனித்து விடப்படும் உரிமை' பற்றி 1994இல் விரிவாகப் பேசியதும் நம்மூர் வழக்கில்தான், ஆட்டோ சங்கர் தன்வரலாறு விவகாரம். ஆனால் இதெல்லாம் வழக்கு போடக்கூடியவர்களுக்கு. அந்த அம்மா என்னை இரண்டே வார்த்தையில் மன்னித்துவிட்டார். தூக்கம் கெட்டதற்குக் காரணமே அதுதான்.

டோரதியா லாங் 1936இல் கலிஃபோர்னியாவில் எடுத்த 'மைக்ரண்ட் மதர்' படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தோளில் முகம் புதைத்த குழந்தைகள், கன்னத்தில் கை, எங்கோ பார்க்கும் தாய். லாங் அவர் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை. அதைப் பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்ற அந்தப் பெயர் உலகத்துக்குத் தெரிய 1978 ஆனது. படத்தால் தனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, எடுக்காமலே இருந்திருக்கலாம் என்றார் தாம்சன். படம் வெளிவராது என்று சொல்லித்தான் எடுத்தார்கள் என்பதும் அவர் தரப்பு. முன்பு இதைப் படித்தபோது நான் லாங் பக்கம் இருந்தேன். அந்தப் படம் வந்த பிறகு அந்த முகாமுக்கு உணவு போயிற்றே, பஞ்சகாலம் ஒரு முகத்தால் நினைவில் நின்றதே என்று. லாங்குக்காவது ஒரு பஞ்சம் இருந்தது. எனக்கு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மட்டும்தான் இருந்தது.

பிறகு அதுவரை எடுத்த 32 படங்களையும் வரிசையாகத் திறந்து வைத்து எண்ணினேன். பூ விற்பவர், இஸ்திரி போடுபவர், ஆட்டோக்காரர், மீன் விற்பவர், வாட்ச்மேன், துப்புரவுப் பணியாளர். என்னைப் போன்ற ஆட்கள், அதாவது வாடகை வீட்டில் ஏ.சி. போட்டுத் தூங்குகிறவர்கள், நாலே பேர். எனக்கு மேலே உள்ளவர் ஒருவரும் இல்லை. சபா வாசலில் காரிலிருந்து இறங்கும் மாமியிடம் நான் கேட்டதே இல்லை. போட் கிளப் ரோட்டில் காலையில் நாயோடு நடக்கும் ஆளிடமும் இல்லை. அந்த முகங்களில் ஒன்றும் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மை என்னவென்றால் அவர்கள் 'நோ' என்பார்கள், 'நீ யார்' என்று திருப்பிக் கேட்பார்கள். எந்தச் சம்மதத்தை நினைத்துப் பெருமைப்பட்டேனோ, அதை மறுத்துப் பழக்கமில்லாதவர்களிடமே போய் வாங்கியிருக்கிறேன்.

இதற்கும் நம் ஊரில் பழைய வரலாறு ஒன்று உண்டு. எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1885 முதல் 1908 வரை கண்காணிப்பாளராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். மூக்கின் நீள அகலத்தை அளந்து மனிதரை வகைப்படுத்தலாம் என்று நம்பி, மாகாணம் முழுக்க அளவுகோலோடும் கேமராவோடும் அலைந்தவர். ரங்காச்சாரியின் துணையோடு அவர் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் ஏழு தொகுதிகள். அதில் எத்தனையோ முகங்கள், கீழே சாதியின் பெயர் இருக்கும், ஆளின் பெயர் இருக்காது. நான் தர்ஸ்டன் இல்லை, அளவுகோல் எதுவும் வைத்திருக்கவில்லை. ஆனால் 'பூக்கார அம்மா' என்று எழுதியவன் நான்தான். பெயர் கேட்கத் தோன்றவில்லை.

என் நண்பன் ஒருவன், அவனும் படம் எடுப்பவன், கோபப்பட்டான். "அப்ப பணக்காரன் மூஞ்சி மட்டும்தான் மிஞ்சணுமா? நூறு வருஷம் கழிச்சுப் பாக்கறவன் மெட்ராஸ்ல எல்லாரும் சில்க் சட்டை போட்டிருந்தாங்கன்னு நினைச்சுக்கட்டும்." இதற்கு என்னிடம் முழுப் பதில் இன்னும் இல்லை. அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எடுக்காமல் விடுவதும் ஒருவகை அழிப்புதான்.

முப்பத்துமூன்றாம் வாரத்திலிருந்து விதிகளை மாற்றினேன். எங்கே போடுவேன், யாரெல்லாம் பார்ப்பார்கள் என்று போனைத் திறந்து காட்டிவிட்டுக் கேட்பது. ஒரு வாரம் கழித்துப் படத்தோடு போய், போடட்டுமா என்று மறுபடி கேட்பது. கீழே என்ன எழுத வேண்டும் என்பதை அவர்களே சொல்வது. முதல் மாதத்திலேயே ஐந்து பேர் வேண்டாம் என்றார்கள். சபா வாசலிலும் போய் நின்றேன், ஒரு மாமி சரி என்றார், இரண்டாவது கேள்விக்கு மாட்டேன் என்றார்.

படங்கள் மோசமாயின. இதை ஒளிக்க விரும்பவில்லை. விஷயம் தெரிந்ததும் மனிதர்கள் சீப்பை எடுக்கிறார்கள், சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போடுகிறார்கள், மூச்சை இழுத்துப் பிடித்து நேராக நிற்கிறார்கள். அடையாறு டிப்போ பக்கம் செருப்பு தைக்கும் ஒருவர் தொழில் சாமான்களையெல்லாம் துணி போட்டு மூடிவிட்டு வந்து நின்றார். உயிரே போய்விட்டது என்று உள்ளே ஒருவன் முனகிக்கொண்டே இருந்தான்.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடிப் பிடித்து டிஜிட்டலாக்கியிருக்கிறது. அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அதே விறைப்பை அடையாளம் கண்டேன். திரையில் வரைந்த மாளிகைப் படிக்கட்டு, பக்கத்தில் பூ ஜாடி, நாற்காலிக் கைப்பிடியில் ஒட்டிய உள்ளங்கை. காசு கொடுத்து வந்தவர்கள். தன்னை எப்படிக் காட்ட வேண்டுமென்று தீர்மானித்துவிட்டு வந்தவர்கள். அதைப் பொய் என்று சொல்ல நான் யார்? மல்லிக்கூடையோடு இருப்பதுதான் அவருடைய நிஜம், மாளிகைத் திரைக்கு முன்னால் நிற்பது நிஜமில்லை என்று எனக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

தீபாவளிக்கு முந்தைய வாரம் அந்த அம்மாவே கேட்டார். "அந்தப் படத்த அழிச்சிட்டியா? என் பொண்ணு, நல்லா இருந்துச்சும்மான்னு சொல்லுச்சு. ஒண்ணு கழுவிக் குடேன். நாளைக்கு மாலை போடவாவது ஆவும்."

லஸ் பக்கம் ஒரு சின்ன ஸ்டூடியோவுக்கு அவரையே அழைத்துப் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பையனிடம் அவர்தான் சொன்னார், நான் ஓரமாக நின்றேன். கூடை வேண்டாம். நூல் வேண்டாம். பின்னால் நீலம் போடு. முகத்தில் அந்த இருட்டுப் பக்கத்தை வெளுப்பாக்கு. நான் வெயிலில் ஒரு மணி நேரம் காத்திருந்து பிடித்த அந்த நிழலை அவன் இரண்டு க்ளிக்கில் துடைத்தான். காதில் ஒரு கம்மல் வைக்க முடியுமா என்று கேட்டார். முடியும் என்றான். நாலைந்து மாதிரி காட்டினான். கல்லு வைத்ததைத் தேர்ந்தெடுத்தார்.

பெரிய சைஸில் ஒன்று, பாஸ்போர்ட் சைஸில் எட்டு. காசை என்னைக் கொடுக்க விடவில்லை. கவரை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு நடந்தார். கடைக்கு வந்ததும் இரண்டு முழம் மல்லி அளந்து என் கையில் திணித்தார். "வீட்ல யாரும் இல்லையேம்மா, நான் மட்டும்தான்" என்றேன். "சாமிக்குப் போடு" என்றார். சாமி படமும் வீட்டில் இல்லை. ஸ்கூட்டர் ஹேண்டில்பாரில் சுற்றிக்கொண்டு மந்தைவெளி வரை ஓட்டிப் போனேன்.