பிள்ளை காணும் ஆட்டம்

சிறு பிள்ளையை முதன்முதலாகக் காற்பந்துத் திடலுக்கு அழைத்துச் செல்லும் தந்தை அதற்கு எதைக் காட்டுகிறார்? பந்தையா? ஐந்து வயதில் ஆட்டவிதி விளங்குமா? பிள்ளை பார்ப்பது தந்தையின் முகத்தை. கேட்பது அவர் வாய்ச்சொல்லை.

1980இல் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் மலேசிய அணி தென்கொரியாவை 2–1 என வென்றது. ஆறுமுகம் கோல் காத்தார். சந்தோக் சிங்கும் சோ சின் ஆனும் அரணாய் நின்றனர். அவர்களிடம் பந்து இனம் கேட்டதா? அத்தகைய திடலில் அமர்ந்து எதிரணியின் இனத்தைப் பழிப்பவர், பிள்ளைக்கு வெறுப்பையன்றோ ஊட்டுகிறார்!

நம் அணிமீது பற்று வேண்டாவோ எனின், வேண்டும். ஆயினும், பற்று வேறு, பகை வேறு. நம்மவர் தோற்ற நாளிலும், திறம்பட ஆடிய எதிரணிக்குக் கைதட்டுங்கள். பிள்ளையின் சிறு கைகளும் சேர்ந்து தட்டும். அன்று அது கற்றதே ஆட்டம்.