ஒன்பது அங்குலம்

பத்திரத்தில் எங்கள் மனை 20-க்கு 30. போன வருஷம் இ-கத்தாவுக்காக (கணினியில் ஏற்றும் சொத்துப் பதிவு) அளக்க வந்த பையன் டேப்பை இழுத்துப் பார்த்துவிட்டு, மறுபடியும் இழுத்தான். அகலம் 20 அடி 9 அங்குலம். "லாபம்தானே அங்கிள்" என்று சிரித்தான். நானும் சிரித்துவைத்தேன். அந்த ஒன்பது அங்குலம் எப்படி வந்தது என்று அன்றைக்கு இந்த உலகத்தில் தெரிந்திருந்தவன் நான் ஒருத்தன்தான்.

1974. பெங்களூர் லிங்கராஜபுரத்துக்கு மேம்பாலம் வராத காலம். ஹெண்ணூர் ரோட்டைத் தாண்டினால் ராகிக் கொல்லை. அப்பா மேஸ்திரி. ஊருக்கெல்லாம் வீடு கட்டிக் கொடுத்துவிட்டுக் கடைசியில் தனக்கென்று ஒரு ரெவின்யூ சைட் வாங்கினார். கடைக்கால் போடக் கயிறு கட்டியபோதுதான் மாடிப்படிக்கு இடம் பத்தவில்லை என்று தெரிந்தது. அன்று ராத்திரி அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். எனக்குப் பதினொரு வயது. அப்பா கடப்பாறையால் பக்கத்து மனையோரத்து எல்லைக்கல்லை நெம்பி, முக்கால் அடி தள்ளி நட்டு, பழைய குழியில் மண்ணைப் போட்டு மிதித்தார். ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிறவர்.

பக்கத்து மனை ஒரு கிழவியுடையது. வீடு கட்டவில்லை, அவரைச் செடி போட்டிருந்தாள். இரண்டு நாள் கழித்து வந்து, ஓரத்து வரிசைச் செடிகளையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தாள். கல் இங்கேதான் இருந்ததா என்று கன்னடத்தில் கேட்டாள். அப்பா ஆமாம் என்றார். மேஸ்திரி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று போய்விட்டாள். கல்லைத் தள்ளியதைவிட அந்த 'ஆமாம்'தான் எனக்கு இன்றைக்கும் குறுகுறுக்கிறது.

இதை நான் பாவம் என்ற கணக்கில் யோசிக்கத் தொடங்கியது 1987-இல், நீலகிரியில். தொழிற்சாலையில் கூட வேலை பார்த்த படகர் நண்பரின் தகப்பனார் இறந்துபோனார். நாலு பேராகக் கோத்தகிரிப் பக்கம் அவர்கள் ஹட்டிக்குப் போனோம். ஹட்டி என்றால் படகர் ஊர். முதலில் கண்ணில் பட்டது வீடுகள். பழைய வரிசை வீடுகள் ஒரே கூரைபோல நீண்டு, ஒருத்தர் சுவரே அடுத்தவருக்கும் சுவராக ஒட்டி நின்றன. மேஸ்திரி மகன் அல்லவா, எனக்கு அதுதான் தோன்றியது: இங்கே காம்பவுண்டுச் சண்டைக்கு வழியே இல்லையே!

அந்த நினைப்பு மத்தியானத்துக்குள் போய்விட்டது. பாடைக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் நின்று இறந்தவரின் பாவங்களை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். 'கரு ஹரசோது' என்பார்கள். அவர் ஒன்று சொல்ல, அது பாவம் என்று கூட்டம் பதில் சொல்லும். படகு பேச்சு கன்னடத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. பெங்களூர்க்காரனான எனக்குப் பாதி காதில் ஏறியது, மீதியை நண்பரின் சித்தப்பா சொன்னார். பாம்பை அடித்தது, பல்லியைக் கொன்றது, அடுத்தவர் எருமை நிறையப் பால் கறந்தால் வயிறெரிந்தது. அந்த வரிசையிலேயே எல்லைக்கல்லைப் பிடுங்கியதும் வந்தது. கையில் விளக்கு பிடித்திருப்பதுபோல எனக்குக் கை நடுங்கியது.

உங்கள் அண்ணன் கல்லைப் பிடுங்கினாரா என்று சித்தப்பாவிடம் மெதுவாகக் கேட்டேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். அண்ணன் செய்தாரா இல்லையா என்பது அங்கே கேள்வியே இல்லையாம். யார் செத்தாலும் முழுப் பட்டியலையும் சொல்லியாக வேண்டும். பாட்டன், பாட்டி, தாய், தகப்பன், கூடப்பிறந்தவர்கள் செய்ததும் அதில் சேர்த்தி. கணக்கு 1300 பாவம் என்பார்கள். முன்காலத்தில் கடைசியில் ஒரு கன்றுக்குட்டியைக் கொண்டுவந்து, எல்லாப் பாவத்தையும் அதன் காலில் இறக்கி ஓட்டிவிடுவார்களாம். நான் போன அன்று கன்று இல்லை, சொல் மட்டும் இருந்தது.

கன்றைப் பற்றிப் பிற்பாடு தேடிப் படித்தேன். சார்லஸ் கோவர் 1871-இலும் எட்கர் தர்ஸ்டன் 1909-இலும் எழுதியிருக்கிறார்கள். அவிழ்த்துவிட்ட கன்றை அதற்குப் பிறகு யாரும் ஏரில் பூட்டக்கூடாது. அது யாருக்கும் சொந்தமில்லை. அப்படி விட்ட கன்றைப் பிடித்து வேலை வாங்கினால் அதுவும் பாவம். அந்தப் பாவமும் பட்டியலில் இருக்கிறது! பட்டியல் போட்டவர் யாரோ, மனுஷனை நன்றாகத் தெரிந்தவர். லேவியராகமம் 16-இல் வரும் போக்காட்டின் ஞாபகம் எனக்கு வராமல் இருக்குமா? ஆனால் போக்காடு வனாந்தரத்துக்குப் போய்விடும், ஒருத்தர் கண்ணிலும் படாது. படகர் கன்று அதே மலையில்தான் மேய்ந்துகொண்டிருந்திருக்கும். ஊரார் தினமும் பார்த்திருப்பார்கள்.

சாகிறவர் வாயில் நெய் தொட்ட சின்னத் தங்கக் காசு ஒன்றை வைக்கும் வழக்கமும் அவர்களிடம் இருந்தது. போகிற வழிச் செலவுக்கு. ஆயுசு முழுவதும் சேர்த்ததில் கூட வருவது அவ்வளவுதான்.

இந்தோனேசியாவின் சுலவேசித் தீவு மலையில் தொராஜா மக்கள் இதற்கு நேர் எதிராகச் செய்கிறார்கள். அங்கே சாவுதான் சொத்துக் கணக்கைத் தீர்க்கும் நாள். பிரேதத்தை மாதக்கணக்கில், சில வேளை வருஷக்கணக்கில் வீட்டிலேயே வைத்து, நோயாளி என்றே சொல்லி, சோறு தண்ணீர் வைத்து, காசு சேர்ந்த பிறகு அடக்கம். அன்றைக்கு எருமைகள் வெட்டுப்படும். தகப்பன் சாவுக்கு எந்தப் பிள்ளை எத்தனை எருமை கொடுத்தான் என்பதைப் பொறுத்துத்தான் வயலில் பங்கு என்பது பழைய முறை. தோங்கோனான் என்கிற மூதாதை வீட்டையோ ஒருத்தன் தன்னிஷ்டத்துக்கு விற்க முடியாது. கட்டிய முன்னோரின் வம்சம் முழுவதற்கும் அது பாத்தியம். கடனை அடைத்த பிறகுதான் சொத்து என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. எருமைக்காகக் குடும்பங்கள் தலைமுறைக்கும் கடன்படுவது பிடிக்கவில்லை.

சரி, என் கடன்? தகப்பன் அக்கிரமத்தைப் பிள்ளை சுமப்பதில்லை என்கிறது எசேக்கியேல் 18. மூன்றாம் நாலாம் தலைமுறைமட்டும் விசாரிப்பேன் என்கிறது யாத்திராகமம் 20. பிரசங்கத்தில் அந்தந்த வாரத்துக்கு ஏற்றதை எடுத்துக்கொள்வார்கள். எனக்கு எசேக்கியேல் வசதிதான். ஆனால் அப்பாவின் பாவம் வேண்டாம், அப்பாவின் மாடிப்படி மட்டும் வேண்டும் என்று எப்படிச் சொல்ல? தினம் நாலு தடவை அதில்தான் ஏறி இறங்குகிறேன்.

திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றால், யாருக்கு? கிழவி போய் முப்பது வருஷம் ஆகிறது. பிள்ளை விற்றுவிட்டு ஊர் மாறினான். அதற்கப்புறம் இரண்டு கை மாறி, இப்போது நாலு மாடி நிற்கிறது. இன்றைய சொந்தக்காரர் அளந்து பார்த்துத்தான் வாங்கினார். அவர் எதையும் இழக்கவில்லை. அவருக்குக் கொடுத்தால் தானம், ஈடு ஆகாது. ஒன்பது அங்குலத்தை முப்பது அடியால் பெருக்கினால் இருபத்திரண்டரைச் சதுர அடி. இன்றைய விலைக்கு ஏறக்குறைய ஒரு ஆட்டோ வாங்கலாம். பைபிளில் வரும் சகேயுவைப்போல நாலத்தனையாக என்றால் நாலு ஆட்டோ.

எண்ணாகமம் 5 இதையும் யோசித்திருக்கிறது. ஈட்டை வாங்கிக்கொள்ள இனத்தான் இல்லையென்றால் அது கர்த்தருக்கு, ஆசாரியன் கையில். ஆயரிடம் சொன்னேன், பெயர் சொல்லாமல், நண்பர் ஒருத்தர் கதைபோல. ஜெபித்துவிட்டுக் காணிக்கையாகக் கொடுத்துவிடச் சொல்லுங்கள் என்றார். கொடுக்கலாம். ஆனால் காணிக்கைப் பையில் சத்தம் இல்லாமல் விழுகிற கவரைப் பார்த்து, அது பாவம் என்று யார் பதில் சொல்வார்கள்? ஹட்டியில் ஊரே சொன்னது. உபாகமம் 27-இல் அயலான் எல்லையை ஒற்றிப்போடுகிறவனைச் சபித்த பிறகு ஜனங்கள் எல்லாரும் ஆமென் சொல்ல வேண்டும் என்றிருக்கிறது. அந்த ஆமென் எங்கள் சபையில் வேறு எதற்கெல்லாமோ வருகிறது.

இ-கத்தா வந்துவிட்டது. மகன் பிரிண்ட் எடுத்து வந்து காட்டினான். பத்திரப்படி 20-க்கு 30 என்றே போட்டிருக்கிறார்கள். "அப்பா, அந்த ஒன்பது அங்குலம் பேப்பர்லயே இல்ல, விடுங்க" என்றான். அவனிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். ஆக, அது காகிதத்தில் எனக்கும் இல்லை, பக்கத்து வீட்டுக்காரருக்கும் இல்லை.

அந்தச் சுவரோரத்தில் அப்பா வைத்த கறிவேப்பிலை இன்னும் தழைக்கிறது. மனைவி தினமும் அதிலிருந்துதான் பறித்துத் தாளிக்கிறாள். ரசத்தில் மிதந்து வந்தால் தட்டோரத்தில் ஒதுக்கிவைத்துவிடுகிறேன். கறிவேப்பிலையை எல்லாரும் ஒதுக்குவதுதான் என்பதால் வீட்டில் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.