இடம் மாற்றும் உரிமை

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது நம் முன்னோர் வாக்கு. ஆனால் முளையைப் பார்த்து, 'இது இன்ன பயிர்தான்' என்று முடிவுகட்டும் உரிமை யாருக்கு உண்டு? ஒருவரை அவர் பழகிய பணியிலிருந்து எடுத்து வேறொரு பணியில் அமர்த்துவது அவருக்குச் செய்யும் நன்மையா, அல்லது நம் தேவைக்கு அவரைப் பயன்படுத்திக்கொள்வதா? அமெரிக்கக் கால்பந்து உலகம் ஆண்டுதோறும் இவ்வினாவை எழுப்புகிறது.

அது நாம் அறிந்த கால்பந்து அன்று. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் ஆட்டம். ஆட்டத்தை நடத்திப் பந்தை எறிபவர் குவார்ட்டர்பேக். அதை ஓடிப் பிடிப்பவர் ரிசீவர். பிடிக்கவிடாமல் தடுப்பவர் கார்னர்பேக். கல்லூரி வீரர்களைத் தொழில்முறை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் 'டிராஃப்ட்' என்னும் ஏற்பாடு 1936-இல் தொடங்கியது. இன்று 32 அணிகள் ஏழு சுற்றுகளில் வீரர்களைத் தேர்ந்துகொள்கின்றன. சில வேளைகளில் ஓர் அணி, தேர்ந்தெடுக்கும்போதே அவ்வீரரை வேறோர் இடத்தில் ஆடவைக்கும் எண்ணத்தோடுதான் தேர்ந்தெடுக்கிறது.

இதனால் வாழ்வு பெற்றோர் உண்டு. ஜூலியன் எடல்மன் கல்லூரியில் குவார்ட்டர்பேக். 2009-இல் 232-ஆவது ஆளாக அவரைத் தேர்ந்தெடுத்த நியூ இங்கிலாந்து அணி, ரிசீவராக்கியது. 2019 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பவுல் இறுதிப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் அவரே. ஆஸ்திரேலியாவின் ஜோர்டன் மைலாட்டா ரக்பி லீக் ஆடியவர். அமெரிக்கக் கால்பந்தில் ஒரு போட்டிகூட ஆடாதவர். 2018-இல் 233-ஆவதாக அவரைத் தேர்ந்தெடுத்த ஃபிலடெல்ஃபியா அணி, தன் குவார்ட்டர்பேக்கைக் காக்கும் தடுப்பு வீரராகப் பயிற்றுவித்தது. முதல் இரண்டு பருவங்களிலும் அவர் ஒரு போட்டியிலும் களமிறங்கவில்லை. அணி பொறுத்திருந்தது. 2025-இல் அவ்வணி வாகை சூடியபோது அவர் அதன் தூண்களுள் ஒருவர்.

இனி மறுபக்கத்தையும் நோக்குவோம். குவார்ட்டர்பேக் பணிக்குரிய கூர்மதியும் தலைமைப் பண்பும் கறுப்பினத்தவருக்கு இல்லை என்ற தப்பெண்ணம் அங்கே நெடுங்காலம் நிலவியது. ஆகவே கல்லூரியில் அவ்விடத்தில் சிறந்த கறுப்பின இளைஞர் பலர் வேறு இடங்களுக்குத் தள்ளப்பட்டனர். மார்லின் பிரிஸ்கோ அவர்களுள் ஒருவர். 1968-இல் டென்வர் அணி அவரைக் கார்னர்பேக்காகத் தேர்ந்தெடுத்தது. குவார்ட்டர்பேக்காகத் தம்மைச் சோதித்துப் பார்க்கவேண்டும் என்ற நிபந்தனையோடே அவர் ஒப்பந்தத்துக்கு இசைந்தார். வாய்ப்பு வந்தது, அப்பருவத்தில் அவர் எறிந்த பந்துகள் 14 முறை டச்டவுனாயின. ஆயினும் மறு ஆண்டு அவ்விடம் அவருக்கு மறுக்கப்பட்டது. பஃபலோ அணிக்குச் சென்று ரிசீவரானார், அங்கும் சிறந்தார், 1970-இல் நட்சத்திர வீரர் அணியிலும் இடம் பெற்றார்.

இங்கேதான் நம் சிந்தனை இடற வாய்ப்புண்டு. 'அவர் ரிசீவராகப் புகழ் பெற்றாரே, மாற்றம் நல்லதுதானே' என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அநீதிக்கு ஆளானவர் தம் உழைப்பால் எழுந்து நிற்பது, அநீதி செய்தவருக்கு நற்சான்று ஆகிவிடுமா? அந்த வெற்றி அவருடைய உரம். அவரை மாற்றியவர்களின் அறம் அன்று. விளைவு நன்றாயிருப்பதால் மட்டும் ஒரு செயல் நேர்மையாகிவிடாது.

இடமாற்றத்தை மறுத்துத் தம் திறனை நிலைநாட்டியவர்களும் உளர். 1978-இல் எந்த அணியும் தேர்ந்தெடுக்காத வாரன் மூன், இடம் மாற இசையாமல் கனடா சென்றார். ஐந்து முறை தொடர்ந்து அந்நாட்டுக் கோப்பையை வென்ற அணியில் ஆடினார். 1984-இல் தாயகம் திரும்பிய அவர், 2006-இல் புகழ்மன்றத்தில் இடம்பெற்றார். 2018-இல் லமார் ஜாக்சனையும் ரிசீவராகும்படி சிலர் சொன்னார்கள். அவர் மறுத்தார். பால்டிமோர் அணி அவரைக் குவார்ட்டர்பேக்காகவே ஏற்றது. 2019 பருவத்தின் மிகச் சிறந்த வீரராக ஒருமனதாகத் தெரிவானார்.

அப்படியானால் வேறுபாடு எதில்? மைலாட்டாவை நோக்கியவர்கள் அவரையே நோக்கினார்கள். அவருள் உறங்கிய ஆற்றலைக் கண்டு, அது விழிக்கும்வரை காத்திருக்கும் இழப்பையும் தாங்களே ஏற்றார்கள். பிரிஸ்கோவை விலக்கியவர்களோ களத்தில் அவர் செய்துகாட்டியதைக் கண்டும் காணாதிருந்தார்கள். 'உன்னால் இதுவும் முடியும்' என்பது ஒருவருக்குக் கதவைத் திறக்கும் சொல். 'உன் போன்றோர்க்கு இது ஆகாது' என்பது கதவை அடைக்கும் சொல். இரண்டும் ஒரே அறிவுரையின் குரலில் ஒலிப்பதால்தான் நாம் எளிதில் ஏமாறுகிறோம்.

வேறு வாய்ப்பே இல்லாதவரின் இசைவை முழு இசைவு என்று கொள்வதற்கில்லை என்பதையும் நாம் மறக்கலாகாது. தேர்ந்தெடுப்பவரின் கை ஓங்கியிருக்கும் இடத்தில், தேர்ந்தெடுக்கப்படுபவரின் குரலைக் கேட்டறியும் கடமையும் பெரிதாகிறது.

பிள்ளைகளின் படிப்பை முடிவு செய்யும் பெற்றோராகவும், பிறருக்குப் பணி பகிர்ந்தளிக்கும் பொறுப்பாளராகவும் நாமும் இத்தகைய அதிகாரத்தைக் கையில் வைத்திருக்கிறோம். ஒருவரை இடம் மாற்றுமுன், பிரிஸ்கோ கேட்ட அந்தச் சோதனை வாய்ப்பையாவது அவருக்கு மனமாரத் தருவோம். அதில் அவர் தம்மை நிலைநாட்டிய பின்பும் நம் எண்ணம் அசையவில்லை என்றால், மாறவேண்டியவர் அவரல்லர்.