சித்திரகுப்தர் எழுதாத கணக்கு

காஞ்சிபுரம் நெல்லுக்காரத் தெருவில் சித்திரகுப்தருக்கென்றே ஒரு கோயில் இருக்கிறது. எமனிடம் கணக்கெழுதுகிறவருக்குத் தனிக்கோயில் என்பது நாட்டிலேயே அபூர்வம். ஒரு கையில் ஏடு, மறு கையில் எழுத்தாணி. சித்ரா பௌர்ணமியன்று கூட்டம் நெரியும். செய்ததெல்லாம் ஏட்டில் ஏறும், ஏறியது ஒருநாள் உடம்பில் இறங்கும் என்பது ஊர் நம்பிக்கை. அதனால் காலமெல்லாம் பட்டுத்தறியில் உட்கார்ந்த ஒருவருக்குக் கை ஆட ஆரம்பித்தால், வீட்டில் முதலில் எழும் பேச்சு ‘எந்த ஜென்மத்துப் பாவமோ’ என்பதாகத்தான் இருக்கும். டாக்டர் பேச்சு பிறகுதான்.

அந்தக் கையைச் சற்றுக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் விவரித்த, அவர் பெயராலேயே அறியப்படும் நோய் இது. நடுமூளையில் டோபமைன் சுரக்கும் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிவதால் வருகிறது. விசித்திரம் என்னவென்றால், இதன் நடுக்கம் பெரும்பாலும் கை சும்மா இருக்கும்போதுதான். மடியில் கிடக்கும் கை ஆடும். வேலைக்கு எடுத்தால் அடங்கும். நெசவாளியைத் தறியில் காட்டிக்கொடுப்பது நடுக்கத்தைவிட மந்தம்தான். கோர்வைச் சேலைக்கு உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். கரை நாடாவைப் போடப் பக்கத்தில் இன்னொருவர் வேண்டும். மிதியும் நாடாவும் தாளம் தப்புவது அந்தக் கூட்டாளிக்கு முதலில் உறைக்கக்கூடும்.

பாவக் கணக்குக்குப் போட்டியாக இன்று இன்னொரு கணக்கு வந்திருக்கிறது. எல்ஆர்ஆர்கே2 என்ற மரபணுவில் ஜி2019எஸ் என்றொரு மாற்றம். 2006இல் வெளியான ஆய்வுகளில், அஷ்கெனாசி யூத நோயாளிகளில் சுமார் 18 சதவீதம் பேரிடமும் வட ஆப்பிரிக்க அரபு நோயாளிகளில் சுமார் 40 சதவீதம் பேரிடமும் அது இருந்தது. கூகுள் நிறுவனர்களில் ஒருவரான செர்கே பிரின், தன்னிடம் அது இருப்பதாக 2008இல் அறிவித்தார். அவருடைய தாய்க்கு நோயே வந்திருந்தது. ஆனால் மாற்றம் இருப்பவர் எல்லோருக்கும் நோய் வருவதில்லை. எத்தனை பேருக்கு வரும் என்பதில் ஆய்வுக்கு ஆய்வு எண் மாறுகிறது.

இதே மாற்றத்தை இந்தியர்களிடம் தேடினால் அரிதாகத்தான் கிடைக்கிறது. சீனர்களிடம் சகஜமான ஜி2385ஆர் மாற்றமும் இங்கே அப்படித்தான். 2023இல் ஆப்பிரிக்க வம்சாவளியினரை, முக்கியமாக நைஜீரியர்களை, ஆராய்ந்தவர்கள் ஜிபிஏ1 மரபணுவில் ஐரோப்பியரிடம் மிக மிக அரிதான ஒரு மாற்றத்தைக் கண்டார்கள். ஆக, ஐரோப்பிய ரத்தத்தை வைத்துப் போட்ட அபாயக் கணக்கைக் காஞ்சிபுரத்துக்காரரிடம் நீட்டுவது அடுத்தவர் ஜாதகத்தை வைத்துப் பலன் சொல்வது போலத்தான்.

நம் கணக்கில் வேறு சிக்கல். இந்தியாவிலும் தெற்காசியாவின் பிற பகுதிகளிலும் 263 சமூகங்களை ஆராய்ந்து ஐதராபாத் சிசிஎம்பி ஆய்வு மைய விஞ்ஞானி தங்கராஜும் ஹார்வர்டைச் சேர்ந்தவர்களும் 2017இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவற்றில் 81 சமூகங்கள், சிறு மூதாதையர் கூட்டத்திலிருந்து கிளைத்துத் தமக்குள்ளேயே மணந்ததில் அஷ்கெனாசி யூதர்களையும் மிஞ்சியவை. தாய்மாமனுக்கும் அக்காள் மகளுக்கும் முடிச்சுப் போடும் தமிழ்நாட்டில் இதை விளக்கவே வேண்டாம். பார்கின் மரபணுவின் பிழை 1998இல் ஜப்பானியக் குடும்பங்களில் கண்டறியப்பட்டது. அப்பா வழியிலும் அம்மா வழியிலும் சேர்ந்து வந்தால்தான் அது நோயாகும். சொந்தத்தில் மணந்தால் அதற்கு வாய்ப்பு கூடும். தமக்குள்ளேயே மணக்கும் மும்பைப் பார்சிகளிடம் லட்சத்துக்கு 328 பேருக்கு இந்த நோய் என 1988இல் பதிவானதும் பலரை யோசிக்க வைத்தது.

‘கர்மா என்று முன்னோர் சொன்னதைத்தான் அறிவியல் மரபணு என்கிறது’ என்று மேடைகளில் முழங்குகிறவர்கள் உண்டு. கைதட்டலும் விழும். கேட்க இதமாக இருந்தாலும் பொருந்தாத பேச்சு.

வினைக் கணக்கு ஆளுக்கு ஆள் தனி. சுந்தரர் திருவொற்றியூரில் சங்கிலியாரைப் பிரிய மாட்டேன் என்று சத்தியம் செய்தார், மீறினார், பார்வை போயிற்று. இதே காஞ்சி ஏகம்பத்தில் இடக்கண் திரும்பியது என்கிறது சைவ வரலாறு. தவறு அவருடையது, தண்டனையும் மீட்சியும் அவருடையவை. அதில் ஒரு நியாயம் இருக்கிறது. சைவ சித்தாந்தமும், இப்பிறவியில் அனுபவிக்க வந்த வினையான பிராரத்தத்தோடு நின்றுவிடாமல், இப்போது செய்வது ஆகாமியமாய்ச் சேரும் என்று மனிதனுக்கு இடம் விடுகிறது. மரபணுவில் இந்த நியாயத்தைத் தேடிப் பயனில்லை. எத்தனையோ தலைமுறைக்கு முன் நேர்ந்த எழுத்துப்பிழைக்கு யார் பொறுப்பு? ஒருவரின் சோதனை முடிவு, ஒரு பாவமும் அறியாத அக்காள் மகளையும் சேர்த்தே கணக்கில் இழுக்கிறது. சித்திரகுப்தர் அந்த அநியாயத்தைச் செய்வதில்லை.

மரபணுவின் போக்குக்கு நெருக்கமான பௌத்தச் சிந்தனை காஞ்சிக்குப் புதிதல்ல. இந்த ஊரை விட்டுப் போய் வெகுகாலமாகிறது, அவ்வளவுதான். மணிமேகலைக்கு அறவண அடிகள் பன்னிரண்டு நிதானங்களை உபதேசிப்பது கச்சி என்னும் இந்தக் காஞ்சியில்தான். ஒன்று தனித்து எதையும் பிறப்பிப்பதில்லை, சார்பினால்தான் எல்லாம் தோன்றும் என்பது அதன் சாரம். சம்யுத்த நிகாயத்தில் சீவகன் என்ற பரிவிராஜகன், இன்ப துன்பமெல்லாம் முன்வினைதானா என்று கேட்கிறான். புத்தர் மறுக்கிறார். பித்தம், சளி, வாயு, மூன்றும் கூடியது, பருவ மாற்றம், சீரற்ற பழக்கம், அடிபடுதல் என்று ஏழைச் சொல்லிவிட்டு, வினைப்பயனை எட்டாவதாக வைக்கிறார். மரபணு, வயது, பூச்சிக்கொல்லி, தலையில் பட்ட அடி என்று அடுக்கும் இன்றைய நரம்பியல் மருத்துவர் அந்த உரையாடலில் எளிதாக உட்கார்ந்துவிடலாம்.

மருந்தின் கதையிலும் தமிழ்நாட்டுக்குப் பங்கு உண்டு. பூனைக்காலி விதையிலிருந்து எல்-டோபாவைச் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் கூடத்தில் தாமோதரனும் ராமசாமியும் 1937இல் பிரித்தெடுத்தார்கள். அது பார்க்கின்சனுக்கு மருந்தாகும் என்று அன்று யாருக்கும் தெரியாது, அறுபதுகளில்தான் தெரிந்தது. லெவோடோபா என்றும் சொல்லப்படும் இந்த எல்-டோபா நோயை நிறுத்துவதில்லை. கையையும் காலையும் சில வருஷங்களுக்கு வேலைக்குத் திருப்பித் தருகிறது. பெண்ணுக்கு வரன் தட்டிப்போகும் என்று அப்பாவின் கை ஆடுவதை மறைக்கும் வீடுகளுக்கு அதுவும் தாமதமாகத்தான் போய்ச் சேர்கிறது.