பேட்டரியில் ஓடுகிறதா உயிர்?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 78. இதயத்துடிப்பு மிகவும் குறைந்து மயங்கி விழுந்ததால் பேஸ்மேக்கர் வைத்தார்கள். அன்றிலிருந்து, "என் உயிர் பேட்டரியில் ஓடுகிறது, பகவான் கையில் இல்லை" என்று வருந்துகிறார். துடிப்பே மின்சாரம்தான் என்றால் ஆன்மா எதற்கு? காலம் வந்தாலும் இந்தக் கருவி உயிரைப் போகவிடாதோ என்றும் பயப்படுகிறார்.
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: அப்பாவின் பயம் நியாயமானது. ஆனால் கருவி என்ன செய்கிறது என்று தெரிந்தால் அது பெருமளவு விலகிவிடும். எல்லோர் இதயத்திலும், பிறவியிலிருந்தே மின்சாரம் இருக்கிறது. வலது மேலறையின் உச்சியில் எஸ்.ஏ. நோடு என்ற சிறு திசு உண்டு. 1907-இல் ஆர்தர் கீத், மார்ட்டின் ஃபிளாக் என்ற இருவர் அதை அடையாளம் கண்டார்கள். அதன் செல்களுக்குள் சோடியம் அயனிகள் இடைவிடாமல் கசிகின்றன. மின்னழுத்தம் மெல்ல ஏறி ஓர் எல்லையைத் தொட்டதும் கால்சியம் உள்ளே பாய்ந்து மின் அலை கிளம்புகிறது. ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை இது நடக்கிறது. அலை மேலறைகளில் பரவி, ஏ.வி. நோடு என்ற இடத்தில் சுமார் 0.1 விநாடி தாமதிக்கிறது. மேலறைகள் சுருங்கி மிச்ச ரத்தத்தைக் கீழே இறக்கி முடிப்பதற்கு அந்த அவகாசம் வேண்டும். அதன் பிறகே கீழறைகள் சுருங்கி உடலெங்கும் ரத்தத்தை அனுப்புகின்றன.

முதுமையில் இந்தப் பாதை பழுதாகலாம். பேஸ்மேக்கர் துடிப்பைக் கவனித்தபடி இருந்து, வரவேண்டிய அலை வராதபோது ஒரு மில்லிவிநாடிகூட நீடிக்காத சிறு தூண்டலைக் கொடுக்கிறது. அதன் வேலை அவ்வளவுதான். சுருங்கும் பலம் தசையினுடையது. அது உணவிலிருந்தும் மூச்சிலிருந்தும் வருவது. எண்ணெய் வற்றிய விளக்கில் எத்தனை முறை தீ வைத்தாலும் சுடர் நிற்காததுபோல, உயிரற்ற தசையை எந்த பேட்டரியாலும் துடிக்க வைக்க முடியாது. உலகிலேயே முதன்முதலாக உடலுக்குள் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டவர் ஸ்வீடனைச் சேர்ந்த ஆர்னே லார்சன். 1958-இல் பொருத்தினார்கள். இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு 2001 வரை வாழ்ந்தார். கடைசியில் 86-ஆம் வயதில் புற்றுநோயால் இறந்தார். கருவி அவருக்கு ஆண்டுகளைத் தந்தது. காலம் வந்தபோது வழிமறிக்கவில்லை. உங்கள் அப்பாவின் இரண்டாவது பயத்துக்கு இதுவே பதில்.

"எல்லாவற்றையும் அயனிகளே செய்துவிட்டால் ஆன்மாவுக்கு என்ன வேலை?" என்பது அடுத்த கேள்வி. இதயத்தைத் துடிக்க வைப்பதுதான் ஆன்மாவின் வேலை என்று எண்ணுவதால் எழும் கேள்வி இது. 1967-இல் கேப்டவுனில் தொடங்கிய இதயமாற்று சிகிச்சையைப் பாருங்கள். நரம்புத் தொடர்பு அறுபட்ட நிலையிலும் அந்த இதயம் தன் எஸ்.ஏ. நோடால் இன்னொருவர் மார்பில் துடிக்கிறது. கொடுத்தவர் மறைந்துவிட்டார், பெற்றவரோ தன் பெயரோடும் நினைவோடும் பக்தியோடும் அவராகவே இருக்கிறார். துடிப்புதான் ஆன்மா என்றால் அவர் வேறு ஆளாக மாறியிருக்க வேண்டாமா? மருத்துவம் விளக்காத இடத்தில் ஆன்மாவைத் தேடினால், ஒவ்வொரு கண்டுபிடிப்பும் நம் நம்பிக்கைக்கு நஷ்டமாகத்தான் தெரியும். துடிப்பையும் வலியையும் பயத்தையும் "எனக்கு நேர்கிறது" என்று அறிகிறதே ஓர் உணர்வு, அதைத்தான் நம் வேதாந்தம் ஆராயச் சொல்கிறது. மின் அலையை அளப்பதால் அந்த விசாரணை பொய்யாகிவிடாது.

"ஆன்மா இதயத்தில் உறைகிறது என்று உபநிஷதம் சொல்கிறதே?" என்று கேட்பீர்கள். சொல்கிறது. ஆனால் இதயத்தின் உள்ளே இருக்கும் அந்தச் சிறு வெளியில் வானமும் பூமியும் சூரிய சந்திரரும் அடக்கம் என்றும் சாந்தோக்ய உபநிஷதம் கூறுகிறது. தசையாலான உறுப்பைப் பற்றி யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அது தியானிக்க வேண்டிய இடம். ரமண மகரிஷியும் தாம் சொல்லும் இதயம் ரத்தத்தை இறைக்கும் உறுப்பு அல்ல என்று தெளிவாக்கி, அதை மார்பின் வலப்புறம் காட்டினார்.

யோகிகள் இதயத்தையே நிறுத்திக் காட்டினார்களே என்பது இன்னொரு வாதம். வெங்கர், பாக்சி, ஆனந்த் என்ற மூன்று விஞ்ஞானிகள் இந்தியாவில் யோகிகளை ஈசிஜி வைத்துச் சோதித்து, 1961-இல் முடிவை வெளியிட்டார்கள். மூச்சை அடக்கி மார்பை இறுக்கியபோது இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைந்து, மணிக்கட்டில் நாடி மங்கியது. ஈசிஜியில் துடிப்பு நிற்கவில்லை. இதனால் யோகத்துக்குக் குறைவில்லை. நிதானமாக மூச்சை வெளியே விடும்போது வேகஸ் நரம்பு வழியாகத் துடிப்பு தணிவதை இன்றும் அளக்கலாம். ஆனாலும் யோகத்தின் இலக்கு மனத்தின் அமைதி. துடிப்பை நிறுத்திக் காட்டும் வித்தை அல்ல.

ஆகவே, கருவியா கடவுளா என்று அப்பா தராசு பிடிக்க வேண்டாம். அரிசியையும் மருந்தையும் இறையருளாக ஏற்கும் நாம், மனித அறிவில் விளைந்த இந்தக் கருவியை மட்டும் ஏன் தள்ளி வைக்க வேண்டும்? மருத்துவர் சொன்ன நாளில் தவறாமல் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். செல்போனைச் சட்டைப் பையில், கருவிக்கு அருகில் வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். வழக்கமான பூஜையையும் ஜபத்தையும் அவர் தாராளமாகத் தொடரட்டும். கூடக் கிடைத்த இந்த ஆண்டுகளை வருத்தத்தில் கழிக்காமல் வழிபாட்டிலும் பிறருக்கு உதவுவதிலும் செலவிடுவதே, அவற்றைத் தந்தவனுக்கு அவர் சொல்லும் நன்றி.