சேய்மையின் அளவு

கட்டுநாயக்காவிலிருந்து இலண்டன் ஏறத்தாழ 8,700 கிலோமீற்றர். இடைநில்லா விமானத்திற்கு 11 மணித்தியால அளவு. திருச்சிராப்பள்ளியோ ஒரு மணித்தியாலப் பறப்பு. கண்டியிலிருந்து கட்டுநாயக்காவை அடையவே அதனினும் மிகுதியான நேரம் வேண்டும். எனின், சேய்மை நிலத்தின் பண்பா? கடப்போனது நிலையைப் பொறுத்ததா?

கோப்பிக் காலத்தில் தமிழ்த் தொழிலாளர் மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழியே நடந்தனர். நோய்க்கும் பசிக்கும் பலியானோர் பலர். 1867இல் கண்டிக்குப் புகைவண்டி வந்தது. பின்னர் தலைமன்னாருக்கும் பாதை அமைந்தது. வழி சுருங்கியது. ஆயினும் 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகுத்தபோது, அவ்வழியே மீண்டும் நீண்டது. அவர்களை ஏற்றிச்சென்ற வண்டியை மலையகம் 'அழுகைக் கோச்சி' என்றது. கடற்பயணம் சில மணித்தியாலமே. சென்றோருட் பலர் அக்கரையை முன்பு கண்டதேயில்லை.

இஃது உணர்ச்சியைத் தூரமென மயங்குவதாகும் என்பர் சிலர். புவியியலாளனுக்கு அக்கூற்றுப் பொருந்தும். ஆனால், 'அண்டை நாடுதானே' எனக் கூறி ஒரு குடும்பத்தை இரு நாடுகளுக்குப் பகிர்ந்த அரசுகளுக்கு அது பொருந்துமா? இலண்டனுக்குக் கற்கச் செல்பவன் மீளும் உரிமையோடு செல்கின்றான். இராமேசுவரத்தில் இறங்கியவனுக்கு அவ்வுரிமை இல்லை. சேய்மையை நிருணயிப்பது மீட்சியே, கிலோமீற்றர் அன்று.

1984இல் கப்பற் சேவை நின்றது. இந்தியக் கடவுச்சீட்டுடன் தோட்டங்களிலேயே தங்கிவிட்டோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே இலங்கைக் குடியுரிமை வழங்கியது. இடைப்பட்ட 19 ஆண்டுகளும் இரு கரைகளும் அவர்களுக்கு எட்டாதிருந்தன.